ஆறாவது அத்தியாயம்

கண்புரை எடுத்த பதினொன்றாம் நாள்
பொன்மனை வீட்டுக்குப் பின்னால்
துணி துவைக்கிற கல்லில் இருந்துகொண்டு
அப்பா சொன்னார்:
"நீ எழுதினத வாசி மக்ளே, கேக்கட்டு."

முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
அதில் மாசிலாமணி என்று ஒருவன்.
திற்பரப்பு அருவிக்கு மேலே தனியாய் நின்று
மூன்று பேரை அடிக்கிறான்.
அடித்த கையை ஆற்றில் கழுவுகிறான்.
பெற்ற பிள்ளை செத்த அன்றும்
பீடி பற்றவைத்து மழையைப் பார்க்கிறான்,
அவ்வளவுதான்.
அப்பாவைப் பார்த்து எழுதியதா என்று
நாகர்கோவில் கூட்டத்தில் ஒருவர் கேட்டபோது
ஆமென்று தலையாட்டியிருக்கிறேன்.

பொய்.

அப்பாவுக்குப் பீடி வாடை ஆகாது.
அப்பாவிடம் இருந்தது
ரப்பர் பாலும் ஆசிட்டும் சேர்ந்த புளித்த வாடை,
அப்புறம் மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய
இரண்டரை ரூபாய் நாவல்கள்.
டிஷ்ஷில் பால் உறையும் வரைக்கும்
புகைப்புரை நிழலில்
தங்கையன், சிசிலி அக்கா, சில நாள் சூப்பர்வைசர்கூட
குத்தவைத்து இருப்பார்கள்.
அப்பா வாசிப்பார்.
துப்பறிகிறவனுக்கு ஏனோதானோவென்று ஒரு குரல்.
கொலைகாரனுக்கு வெறும் இருமல்.
ஒரு பெண் கதவைத் திறந்தால் போதும்,
அப்பாவின் கழுத்தே மெலிந்துபோகும்.
அவள் அழுதால் நிறுத்தி, துண்டை எடுத்து
மூக்கைச் சிந்திவிட்டுத்தான் அடுத்த வரி.

நான் ஐந்தாம் வகுப்பு.
சோமன் சார் மகன் இடுப்பை ஒடித்து
அந்தக் குரலைப் பள்ளியில் செய்துகாட்டினான்.
அன்றைக்கு வாயை மூடியவன்தான்.
நான் எழுதிய ஆண்கள் யாரும்
இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை.
விமரிசகர்கள் அதைச் செறிவு என்றார்கள்.

ஆறாவது அத்தியாயத்தில் அப்பா கை காட்டினார்.
"ஆளு கொள்ளாம்.
ஆனா அவனுக்குக் கெட்டினவ
எப்பப் பாத்தாலும் வாசல்ல வந்து நிக்கா,
ஒண்ணும் சொல்லாம போறா.
அவளுக்கு வாயில்லியா?"

"அது ஒரு உத்தி அப்பா."

உத்தி, என்று சொல்லிப் பார்த்தார்
புதுச் செருப்பில் கால் நுழைத்துப் பார்ப்பதுபோல.
புத்தகத்தை வாங்கினார்.
கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
முகத்தோடு ஒட்டிப் பிடித்தார்.
மாசிலாமணி நனைந்து வருகிறான்.
அவள் வாசலில் நிற்கிறாள்.
அச்சில் அதோடு முற்றுப்புள்ளி.
அப்பா நிறுத்தவில்லை.

"தலய தொவத்தும் ஓய். சோறு ஆறிப்போச்சு.
கொச்சனுக்க சட்டைய நான் இன்னும் துவைக்கல்ல.
மணம் போயிரும்."

அம்மாவின் குரல்.
அம்மா போய் ஏழு வருடம்.
எனக்கு முன்னால் பிறந்து
மூன்று வயதில் போன அண்ணனை
நான்தான் கதைக்கு எடுத்துக்கொண்டேன்.
அவன் சட்டையைப் பற்றி
இந்த நாற்பத்தொரு வயதுவரை
யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கண்ணில் தண்ணீர் படவே கூடாது என்று
டாக்டர் சொல்லியிருந்தார்.
அப்பா துண்டை எடுத்து
மூக்கை மட்டும் சிந்தினார்.
"ம். பொறவு அவன் என்ன சொன்னான்?"

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
நாலு விரல் வெற்றுத்தாள்,
பிறகு அத்தியாயம் ஏழு.

சொட்டு மருந்து எடுக்கிற சாக்கில் உள்ளே போனேன்.
அலமாரிக்குப் பக்கத்தில் நின்று
அவன் சொல்லியிருக்க வேண்டியதை
மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.
இருமல்தான் வந்தது.