பெட்டி வாசல்

வாசலில் ஏழு படி.
எண்ண வேண்டியதில்லை, தெரியும்.
பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால்
எப்சிபாவின் கல்யாணத்தை
இந்தப் பூவரசு நிழலில் இருந்தபடி
ஒலிபெருக்கி வழியாகப் பார்த்தவள் நான்.
'சம்மதமா' என்று போதகர் கேட்டார்.
சரியாக அப்போது ஒரு காக்கை கத்தியது.
அவள் பதில் காக்கையோடு போயிற்று.

இன்று திருவாரூரிலிருந்து பாசஞ்சர் ரயில்.
நாகப்பட்டினத்தில் நாற்காலியை முதலில் இறக்கினார்கள்,
என்னை இரண்டாவதாக.

'நாலு பேர் வாங்கப்பா, அக்காவைத் தூக்கிடலாம்!'
ஆட்டோக்காரர் குரல் கொடுத்தார். நல்ல மனிதர்.
நாலு பேரும் உடனே வந்துவிட்டார்கள், அதுதான் பிரச்சினை.
ஏற்றும்போது சப்பரத்தில் வைத்த சாமி,
இறக்கும்போது நெல் மூட்டை.
மூட்டை எப்படி இறங்கும் என்று எனக்குத் தெரியும்,
கொள்முதல் நிலையத்தில் பில் போடுகிறவள்.
வேண்டாம் என்றேன்.

வேதத்தில் ஒரு திமிர்வாதக்காரன்.
அவனையும் நாலு பேர்தான் சுமந்தார்கள்.
கூட்டம் வழிவிடவில்லை,
கூரையைப் பிரித்து உள்ளே இறக்கினார்கள்.
எழுந்தான், படுக்கையைச் சுருட்டிக்கொண்டு நடந்தான்.
கூரையை அப்புறம் யார் வேய்ந்தது என்று எழுதவில்லை.
கூட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கலாம் என்றும்
எழுதவில்லை.

கோயில்பிள்ளை அருமைநாயகம்
சாவிக்கொத்தோடு வந்து பின்தலையைச் சொறிந்தார்.
'பின்னால ஒரு வாசல் இருக்கு. படி இல்ல, சரிவு.
ஆனா...'
ஆனாவுக்குப் பிறகு வேட்டி நுனியைப் பார்த்தார்.
'அது பெட்டி போற வழிம்மா.'

சவப்பெட்டி வண்டிக்காக
யாரோ எப்போதோ போட்ட சிமென்ட்.
இந்தக் கட்டடத்தில்
நடக்க முடியாதவர்களை நினைத்த ஒரே கொத்தனார்
செத்தவர்களை நினைத்திருக்கிறார்.
'பரவாயில்ல, நான் திரும்பி வருவேன்' என்றேன்.
அவருக்குச் சிரிப்பு வர
கொஞ்ச நேரம் ஆயிற்று.

அடிக்கு இரண்டு அங்குலம் ஏற்றம்,
டேப் வேண்டாம், தோள் சொல்லும்.
பாதியில் கை நின்றது.
ஓடிப்போய் ஒரு செங்கல் கொண்டுவந்து
சக்கரத்துக்குப் பின்னால் வைத்தார்.
தள்ளட்டுமா என்று கேட்டார்.
கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.
கேட்பவர்கள் உண்டு,
காத்திருப்பவர்களை ஒரு கையில் எண்ணலாம்.
தள்ளுங்க என்றேன்.

உள்ளே குளிர்ச்சி.
சுவரில் உப்புப் பூத்திருந்தது.
நெல்லாக இருந்தால் ஈரப்பதம் இருபத்திரண்டு,
காயவைத்துக் கொண்டுவா என்று திருப்பியிருப்பேன்.
தரையெல்லாம் கல்லறைக் கற்கள்,
கப்பலில் வந்து காய்ச்சலில் போனவர்கள்.
எழுத்து புரியவில்லை, எண் புரிந்தது:
ஒரு குழந்தை, மூன்று மாதம், நாலு நாள்.
செருப்புக்காலுக்கு அது வழவழப்பான தரை.
எனக்கு ஒவ்வொரு எழுத்தும்
சக்கரம் ஏறி இறங்கி உள்ளங்கைக்கு வந்தது.

பீடத்தைப் பார்க்கத்தான் வந்தேன்.
பார்த்தது பெஞ்சுகளின் விலாவை.
என் கண் மட்டத்தில்
ஆணியால் கீறிய 'ஜெயசீலி',
அதை யாரோ ஆத்திரமாக அடித்த கோடு,
காய்ந்த பபிள்கம்,
ஒரு சின்னக் கையின் மெழுகு ரேகை.

எப்சிபா நின்ற இடம் எது என்று கேட்டேன்.
'எல்லாக் கல்யாணமும் இங்கதாம்மா.'
அங்கே போய் நின்றேன்.
நின்றேன் என்றுதான் சொல்வேன்,
வேறு வினைச்சொல் தேடப்போவதில்லை.

படம் எடுத்து குவைத்துக்கு அனுப்பினேன்.
'ஏய், உள்ளயா இருக்க?'
ஆமாம்.
காக்கை கத்தினப்போ நீ என்ன சொன்ன?

டைப் செய்கிறாள் என்று காட்டியது.
நின்றது.
மறுபடி டைப் செய்கிறாள்.

'நாலு மணிக்கு ஒரு அடக்கம் இருக்கும்மா,
வழியை விடணும்' என்றார் அருமைநாயகம்
மன்னிப்புக் கேட்கும் குரலில்.
பின்பக்கமாகவே இறங்கினேன்.
போன் மடியில் ஒருமுறை அதிர்ந்தது.
கை இரண்டும் சக்கரத்தில்.

செங்கலை எடுக்கப் போனார்.
அது அங்கேயே கிடக்கட்டும் என்றேன்.