ஒன்பதில் நொடிவட்டம்

பீல் நகரில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு
பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் மேசை போட்டுப்
பழைய கடிகாரம் விற்பார்கள்.
கூடைப்பந்து வளையத்துக்கு நேர்கீழே என் மேசை.
ஒரு விளக்கு, ஒரு கண்வில்லை,
‘கணிப்பு, இருபது ஃபிராங்க்’ என்றோர் அட்டை.

ஸொலோதூர்னிலிருந்து வந்த பல் மருத்துவர்
கைக்குட்டையைப் பிரித்து வைக்கிறார்.
நாற்பத்தாறு மில்லிமீட்டர். இதைக் கட்டினால்
சட்டைக்கைக்குப் பொத்தான் போட முடியாது.
காஸ்பர் சொன்னானாம்:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று,
பீரங்கிப்படை அதிகாரி ஒருவருக்கென்றே செய்தது.
இரண்டாயிரத்து நானூறு கேட்கிறான்.
மதியம்வரை தவணை.

திறக்கும் முன்பே தெரிந்துவிட்டது.
நொடிவட்டம் ஒன்பது மணிப் பக்கம் கிடக்கிறது.
சட்டைப்பையில் தொங்கப் பிறந்த இயந்திரம் இது.
தலை உச்சியில், நொடி காலடியில்.
கைக்குக் கட்டவேண்டித்
தலையைப் பிடித்து மூன்றுக்குத் திருப்பினால்
காலடி வேறெங்கே போகும்?
அதற்கேற்பப் புதுமுகம் எழுதவேண்டும்.
எழுதியிருக்கிறார்கள். தேநீரில் முக்கி
வயசும் ஏற்றியிருக்கிறார்கள்.
விளிம்பிலும் நடுவிலும் கறை ஒரே அளவு.
வயசு அப்படி வருவதில்லை.

முட்களைச் சாய்த்துப் பார்க்கிறேன்.
தீயில் நீலமானது சாய்த்தால் கறுக்கும்.
இது எப்படிச் சாய்த்தாலும் நீலம். பெயின்ட்.
பின்மூடி கண்ணாடி.
அந்தக் காலத்தில் எந்த அதிகாரி
கடிகாரத்தின் குடலைப் பார்க்க ஆசைப்பட்டான்?

மருத்துவர் குனிகிறார். மூச்சில் கிராம்பு வாசம்.
“பொய்ப்பல் மாதிரியா?”
“பல் அசல்தான். ஈறுதான் பொய்.”

எங்கள் தொழிலில் இதற்குக் கலியாணம் என்று பெயர்.
ஓர் ஊர் இயந்திரம், வேற்றூர்க் கூடு.
ஏமாற்று என்று சொல்ல வாய்கூசிய எவரோ
வைத்த பெயராக இருக்கும்.
எல்லாக் கலியாணமும் கெட்டதில்லை.
போருக்குப் போன தம்பியின் பைக்கடிகாரத்துக்குக்
கம்பிக் காது பற்றவைத்து,
வார் கோத்துக் கொடுத்தனுப்பிய அக்காக்கள் உண்டு.
அந்தப் பற்றுவைப்பு கோணலாக இருக்கும்.
கோணலுக்கு நான் கூடுதல் விலை போடுவேன்.

அப்புறம் இயந்திரத்தைக் கூட்டிலிருந்து எடுத்தேன்.
இடைவெளியை அடைக்க ஒரு பித்தளை வளையம்.
அதன் உள்விளிம்பில், ஏழுக்கு நேராக,
அரம் சறுக்கிய மூன்று கீறல்கள்.
மூன்றாவது குட்டை.

ரேமோ.

பனிச்சறுக்கில் மணிக்கட்டு முறிந்து
எலும்பு ஒழுங்காய்க் கூடாதவன்.
கடைசி இழுப்பில் கை துள்ளும்.
பதினாறு வருஷம் என் சமையலறையில்
அந்தக் கீறல் விழுந்துகொண்டிருந்தது,
ரொட்டிப் பலகையில், தாழ்ப்பாளில்,
பிறகு ஒருநாள் விவாகரத்துப் பத்திரத்தில்
கையெழுத்தின் வாலில்.

இவ்வளவு உறுதியாக எதையும் நான்
இந்த மேசையில் அடையாளம் கண்டதில்லை.

சீட்டை நிரப்புகிறேன்.
இயந்திரம்: அசல், 1911 வாக்கில், பதினைந்து கல்.
முகம் புதிது. முட்கள் புதிது. கூடு புதிது.
மதிப்பு முந்நூறு.
‘சேர்த்தவர்’ என்றொரு கட்டம் இருக்கிறது,
அச்சடித்த நாள்முதல் யாரும் நிரப்பாதது.
மருத்துவர் அதில் விரலை வைக்கிறார்.
“இதைக் கண்டுபிடிக்க வழியுண்டா, ஃபிராவ் ஏஷ்லிமான்?”

‘தெரியவில்லை’ என்று எழுதினேன்.
கீழே என் முத்திரையைக் குத்தினேன்.

பிறகு சாவி கொடுத்துக் காதில் வைத்தேன்.
அவர் கேட்கவில்லை, இருபது ஃபிராங்கில் அது சேர்த்தியுமில்லை.
துடிப்பு சீர்.
எண்ணெய் புதிது, தொடவேண்டிய இடத்தில் மட்டும்
ஊசிமுனையளவு. எண்ணெயில் அவன் கஞ்சன்.
வளையத்தைத் திரும்ப மாட்டும்போது
கீறல் பழையபடி ஏழுக்கு நேராக
வரும்வரை திருப்பினேன்.

மருத்துவர் சீட்டோடு காஸ்பரிடம் போனார்.
நெடுநேரம் பேரம் நடந்தது.
எழுநூறுக்கு முடிந்ததாகப் பக்கத்து மேசையில் சொன்னார்கள்.
என் கணக்கில் நானூறு அதிகம்.