பாக்கு ஒதுங்கிய வருஷம்

அந்த ஐப்பசியில் கீழக்கரை முழுக்க
ஓசிப் பாக்கு மென்றது.
தலையாரித் தீவிலிருந்து அப்பா தீவு வரை
அலை தள்ளித் தள்ளிக் கொட்டிய கொட்டைப்பாக்கைப்
பிள்ளைகள் கூடையில் அள்ளினார்கள்,
பெண்கள் முற்றத்தில் காயப்போட்டார்கள்.
கடைத்தெருவில் விலை பாதியாய் விழுந்தது.
நானும் மடியில் கட்டி வந்தேன்.
கழுவிக் கழுவியும் கரித்தது.

காலியிலிருந்து வர வேண்டிய எங்கள் தோணியின் சரக்கு அது.
நானூற்றுப் பன்னிரண்டு மூட்டை. சீட்டு என் பெட்டியில்.
சம்மாட்டி சொன்னார்:
"பாரம் இறக்கியிருக்கான் சேகு நயினா.
சரக்கைக் கடலுக்குக் குடுத்து
மரத்தைக் காப்பாத்தத் தெரிஞ்ச தண்டையல்."
ஊரும் அதையே சொன்னது.
பாக்கு ஒதுங்க ஒதுங்க
எங்கள் கண்ணுக்குள் தோணி லேசாகிக்கொண்டே போனது.
மன்னாரிலோ கற்பிட்டியிலோ கரை பிடித்து
பதினொரு பேரும் உட்கார்ந்து
பாய் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

தண்டையல் பெண்சாதி மைமூனத்து
தை மாதம் தங்கச்சி கலியாணத்துக்கு
முழங்கை வரை மருதோன்றி வைத்தாளாம்.
என் வீட்டில் பார்த்து வந்து சொன்னார்கள்.

பங்குனிக் கடைசியில்
வேதாளை வழியாக நடந்தே வந்தான் கித்தேரியான்.
ஒரு காது கேட்கவில்லை.
கிட்டங்கி வாசலில் குந்தித் தண்ணீர் கேட்டான்,
குடிக்காமல் செம்பைக் கையில் வைத்தபடி சொன்னான்.
ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள், விடியக்கருக்கல்.
பாரம் யாரும் இறக்கவில்லை.
இறக்க நேரமில்லை.
கொண்டல் திரும்பி அடித்தது, பாரில் அடி தட்டியது,
நடுமரம் முறிந்து பண்டாரி அசன் கனி மேல் விழுந்தது,
அப்புறம் மூட்டைகள் தாமாகவே வாய் திறந்தன.
தண்டையல் சுக்கானை விடவில்லை.
சுக்கான்தான் தோணியை விட்டிருந்தது.

காஜியார் விரல் மடக்கி எண்ணினார்.
நாலு மாதம் பத்து நாள்.
அமாவாசையிலிருந்து போட்டால்
மாசியிலேயே முடிந்துவிடுகிறது.
"இத்தாக் காலம் கழிஞ்சு போச்சு,
இனி இருக்க வேண்டியதில்லை" என்று
ஆள் அனுப்பினார்.
சட்டம் இரக்கமாகத்தான் சொன்னது.

மறுநாள் கிட்டங்கிப் பின்கதவுக்கு அப்புறம் ஒரு குரல்.
"கணக்கரே, உங்க ஏட்டுல
தோணி என்னைக்குப் போச்சு?"
இன்னும் எழுதலை என்றேன்.
"அப்ப இன்னைக்குன்னு போடுங்க."
வட்டி ஓடுதே அம்மா, சம்மாட்டி ஐப்பசின்னு சொல்றார் என்றேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
போய்விட்டாள் என்று நினைத்தேன்.
"அந்த நாலு மாசத்துல
கலியாணத்துல பாட்டுப் பாடுனேன்.
மூணு ஜோடி வளையல் வாங்குனேன்.
தெரியாமக் கழிஞ்சது எப்படிக் கழிஞ்சதாகும்?
எனக்கு ஒரு தேதி குடுங்க. நான் இருந்து தீக்கணும்."

இருபத்திரண்டு வருஷத்தில்
தப்புத் தேதி ஒன்று போட்டதில்லை நான்.
போட்டேன்: பங்குனி இருபத்தேழு.
தோணி ஒன்று, நட்டம்.
பாக்கு மூட்டை நானூற்றுப் பன்னிரண்டு, நட்டம்.
ஆட்களுக்கு அந்த ஏட்டில் பத்தி கிடையாது.
ஓரத்தில் பத்து என்று குறித்தேன்.

ஐந்து மாத வட்டி இடித்தது.
சம்மாட்டி அந்த வரியை விரலால் தொட்டார்,
என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.
சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.

ஆவணி பிறக்கும் வரை
தண்டையல் வீட்டுத் தெருச் ஜன்னல் சாத்தியே கிடந்தது.

என் வெற்றிலைப் பெட்டியில்
இன்னும் ஆறு பாக்கு மிச்சம்.
மெல்லவும் இல்லை, எறியவும் இல்லை.
பாரம் இறக்கிய சரக்கென்றால்
கட்டு அவிழாத மூட்டை
ஒன்றாவது வந்திருக்க வேண்டும்.
வந்ததெல்லாம் உதிரி.
எண்ணுவதே பிழைப்பாக இருக்கிறவன்,
மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.