சில்லறை

ஏழாம் எண் சுங்கச்சாவடி.
ரியெக்கா போகும் நெடுஞ்சாலை.
பதினோரு வருடமாக
அலுமினிய ஜன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றி
கை நீட்டிக்கொண்டிருக்கிறேன்.
பிச்சையில்லை, உத்தியோகம்.

போன இலையுதிர் காலத்தில் தொடங்கியது.
முதலில் சுண்டுவிரல்.
சம்மணமிட்டு எழுந்தால் கால் மரத்துப்போகுமே, அப்படி.
எழுந்து நடந்தும் போகாத அப்படி.
பிறகு பக்கத்து விரல்.
பிறகு முழங்கையின் உட்பக்கம்
யாரோ ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி,
பிழிந்து பிழிந்து
ஒரு சொட்டும் விழாத மாதிரி.

கூனா போய் யூரோ வந்த ஜனவரியில்
எல்லோரும் நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.
நான் பார்க்காமலே கற்றுக்கொண்டேன்.
மிச்சக் காசை உள்ளங்கையில்
கடைசி இரண்டு விரல்தான் பிடித்திருக்கும்,
கட்டைவிரல் ஒவ்வொன்றாகத் தள்ளும்.
இப்போது காவலாளிகள் இருவரும் தூக்கம்.
ஐம்பது சென்ட் தார்ச்சாலையில் உருள்கிறது.
லாரிக்காரர் கதவைத் திறந்து, குனிந்து,
என் அம்மாவைப் பற்றி ஏதோ சொல்கிறார்.
பின்னால் ஹாரன்.

டாக்டர் புடிமிர் ஊசி குத்தி மின்சாரம் விட்டுப் பார்த்தார்.
திரையில் கோடு ஒன்று
முழங்கை வரை ஓடி வந்து
அங்கே முடவனாகியது.
காகிதத்தில் வரைந்து காட்டினார்:
இங்கே ஒரு சுரங்கம்,
அதற்குள்ளே நரம்பு போகிறது,
சுரங்கம் இறுகிவிட்டது.

சுரங்கமா, டாக்டர்?
மலையைக் குடைந்து குடைந்து போகிற சாலை என்னுடையது.
அத்தனைக்கும் காசு வாங்குகிறவள் நான்.
இது ஒன்றுக்குத்தான்
நான் கட்ட வேண்டியிருக்கிறது.

அவர் சிரிக்கவில்லை.
அறுவைக்கு ஏழு மாதக் காத்திருப்பு, என்றார்.
அதுவரை கையை மடக்கித் தூங்காதீர்கள்.

குளியல் துண்டைச் சுற்றி
பேக்கிங் டேப் ஒட்டிப் படுக்கிறேன்.
கட்டிலின் குறுக்கே நீட்டிய கை
தூக்கிவிட மறந்த தடுப்புக்கட்டை.
அந்தப் பக்கம் திஹோமில்
விளிம்போரம் ஒருக்களித்துக் கிடக்கிறான்.
இரண்டு தடவை கீழே விழுந்துவிட்டான்.
ஒன்றை ஒப்புக்கொள்கிறான்.

வியாழக்கிழமை ஷிஃப்ட் முடிந்து கல்லாவை எண்ணினோம்.
யாத்ராங்கா சொன்னாள்: உனக்கு ஒன்று கூடுதல்.
எனக்கு எப்போதும் குறையத்தான் குறையும்.
இருபது சென்ட் பள்ளத்தில்,
இருபது சென்ட்டுகளுக்கு நடுவே சாய்ந்து,
என் கல்யாண மோதிரம்.

கணக்கில் வராத பொருள், படிவம் நிரப்பணும்
என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.
பிறகு கையைப் பார்த்தேன்.
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில்
சதை வற்றி ஒரு குழி.
எந்தக் காருக்கு மிச்சம் எண்ணும்போது கழன்றதோ.
இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால்
கூரையில் சைக்கிள் கட்டிய ஒரு செக் குடும்பம்
அதைக் கடலுக்குக் கொண்டுபோயிருக்கும்,
இருபது சென்ட் என்று நம்பி.

இடது கைக்கு மாற்றிப் போட்டுக்கொண்டேன்.
திஹோமிலிடம் சொல்லவில்லை.
ஞாயிறன்று அவன் பாலாடைக்கட்டி வெட்டிக்கொண்டே
என் வலது கையைப் பார்த்தான்,
பிறகு இடது,
பிறகு பாலாடைக்கட்டி.
மறுநாள் மகளுடைய நீச்சல்குளத்து நுரைக்குழாயை
நீளவாக்கில் கீறி
என் பைக்குள் வைத்திருந்தான்.
ஜன்னல் விளிம்பில் சரியாகப் பொருந்தியது.
தவளைப் பச்சை.
மேற்பார்வையாளர் வந்து
இது விதிமுறையில் இல்லை என்றார்.
சற்று நேரம் முழங்கையை ஊன்றி நின்று பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல் போனார்.

இரவு முழுக்க பூரா காற்று
தடுப்புக்கட்டையை ஆட்டிக்கொண்டிருந்தது.
விடியற்காலையில் வண்டியே இல்லை.
சுண்டுவிரலைக் கண்ணாடியில் வைத்தேன்.
ஒன்றும் இல்லை.
குளிர்ந்திருக்கிறதா என்று
இன்னொரு கையால் தொட்டுப் பார்த்தேன்.

குளிர்ந்துதான் இருந்தது.