காற்றுக் கணக்கு

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, செவ்வாய் மாலை,
கிரிம்ஸ்பி தீயணைப்பு நிலையத்து நீலக் குழுவில்
கிரெய்க் ஸ்டொதார்டுக்கு நான் போன் செய்ய வேண்டும்.
நாற்பத்தாறு வயது. நூற்றுப் பதினெட்டு கிலோ.
படிவத்தில் இடுப்புச் சுற்றளவு மட்டும் காலி.
"டேப் எட்டவில்லை" என்றார் முதல் நாள்.
பிறகு சிரித்தார். நானும் சிரிக்கலாமா என்று
எனக்குத் தந்த கையேட்டில் எழுதியிருக்கவில்லை.

கையேட்டில் இருந்ததைக் கேட்டேன்:
காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?
"எந்தக் காலை?" என்றார்.
இரண்டு பகல், இரண்டு இரவு, பிறகு நாலு நாள் விடுப்பு.
அதில் எந்த விடியலைக் காலை என்று வைத்துக்கொள்வது?

நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பதை
ஆங்கிலத்தில் சொல்லப் பார்த்தேன்;
வாய்க்குள்ளேயே நொறுங்கிவிட்டது.

தட்டில் முள்கரண்டி இறங்கும் நேரம் பார்த்து மணி அடிக்குமாம்.
பசி வந்தால் பத்தும் பறக்கும் என்போம் நாம்.
அங்கே மணி வந்தால் பசியும் பறக்கிறது,
விடியும்போது பதினொன்றாகத் திரும்பி வருகிறது.
அதனால் விழுங்கப் பழகியிருக்கிறார்
இருபத்திரண்டு வருடமாக,
தீயை முந்திக்கொண்டு.

எழுதாத சட்டம் ஒன்றும் உண்டு அந்த நிலையத்தில்.
ஹெல்மெட்டை மறந்தவர் கேக் வாங்க வேண்டும்.
வண்டியைத் தூணில் உரசியவர் கேக்.
உள்ளூர்ப் பேப்பரில் படம் வந்தவர் இரண்டு கேக்.
எதையாவது முதன்முதலாகச் செய்தாலும் கேக்.
இந்தச் சட்டத்தை எடுத்துவிடலாமே என்றேன்.
மறுமுனையில் கெட்டில் கொதிக்கும் சத்தம் மட்டும்.
பிறகு சொன்னார்:
கருகிய வீடு ஒன்றிலிருந்து திரும்பிய இரவு
யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.
லீ மட்டும் எழுந்து போய்,
செய்யாத தப்புக்கு ஒரு கேக்கை வெட்டி வைத்தான்.
எல்லாரும் தின்றோம்.
அதற்கப்புறம் கேக்கைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

நவம்பரில் அவராகவே கூப்பிட்டார்,
செவ்வாய் அல்லாத ஒரு நாள்.
புகைப் பயிற்சிக் கூடம். முதுகில் காற்று உருளை.
காற்று குறைந்தால் விசில் ஊதும்.
யாருடைய விசில் ஊதினாலும் இருவரும் திரும்ப வேண்டும்.
கூட வந்தது ஜெம்மா, வயது இருபத்தாறு.
அவள் உருளையில் இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.
மூன்றாவது அறையில் பொம்மை கிடந்தது.
இரண்டாவது அறையிலேயே என் விசில் ஊதிவிட்டது, என்றார்.
பொம்மைதான்.
கொஞ்சம் பொறுத்து மறுபடியும்,
பொம்மைதானே.

கையேட்டை அன்று மூடினேன்.
எத்தனை கிலோ என்று கேட்பதை விட்டேன்.
எத்தனை நிமிடம், அவ்வளவுதான்.

மூடி போட்ட டப்பாவில் சாப்பாடு வைத்தோம்,
மணி அடித்தால் அது காத்திருக்கட்டும் என்று.
ஒவ்வொரு வாய்க்கும் முள்கரண்டியைக் கீழே வைப்பது;
இதற்குத்தான் மேசையில் கேலி அதிகம்.
இரவு வேலை முடிந்ததும் தூங்கப் போகாமல்
கிளீதோர்ப்ஸ் கடற்கரையில் நாற்பது நிமிட நடை.
ஹாடக் மீனை விடச் சொல்லவில்லை;
அந்த ஊரில் அது மதம் மாறச் சொல்வது மாதிரி.
ஜனவரியில் ஒரு வாரம் எல்லாவற்றையும் விட்டார்.
ஏன் என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மார்ச்சில் நூற்றுப் பன்னிரண்டு.
என் மேலதிகாரியின் வரைபடத்தில்
ஆறு கிலோவுக்கு ஆரஞ்சு நிறம். பச்சை இல்லை.
அந்தத் தாளில் நிமிடத்துக்கு இடமே இல்லை;
ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: கூடுதல் நான்கு.

நேற்றுச் செவ்வாய்.
"மூன்றாவது அறைக் கதவைத் தொட்டேன்" என்றார்.
திறந்தீர்களா?
"தொட்டேன்.
முதல் தடவை இல்லையா, கேக் வாங்கச் சொல்கிறார்கள்."

எந்தக் கேக் என்று கேட்டேன்.
வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார்.
பதில் வர நேரமாயிற்று.
காத்திருந்தேன்.