கட்டளை வரைவு, பிரிவு ஏழு தசம் மூன்று

கட்டளை என்றுதான் எழுதுவோம் அரசாங்கத் தமிழில்.
தரம் என்று எழுதினால்
யாராவது சிவப்பு மையால் திருத்திவிடுவார்கள்.
ஆகவே இன்று காலை ஒன்பதரைக்கு
நீட்டிப்பு வயர்களுக்குக் கட்டளை இடுவது பற்றிப்
பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறோம்.

கொழும்பு ஏழு. குளிரூட்டி பதினெட்டில்.
பொதுமக்கள் பதினொரு பேர்.
ஏழு பேர் இறக்குமதியாளர்கள்,
இரண்டு பேர் அவர்களுடைய சட்டத்தரணிகள்,
ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்,
பிளேன்டீயும் பிஸ்கட்டும் முடிந்ததும் போய்விட்டார்.
பதினோராவது ஜெசிந்தா.

தமிழ்ப் பிரதி பின்னர் அனுப்பப்படும்.
அதனால்தான் நான்,
நாள் கூலிக்கு வாய் கொடுப்பவன்,
கழுத்து அட்டையில் மூன்று மொழியிலும்
மூன்று விதமாய்ப் பிழைவிட்ட பெயரோடு.

முஸ்னி ஹாஜியார் முதலில் எழுந்தார்.
இரண்டாம் குறுக்குத் தெருவில் நாற்பது வருடம்.
"செம்பு தடிச்சா விலையும் தடிக்கும்.
முந்நூறு ரூபா வயர ஆயிரத்து நூறுக்கு
ஆரு எடுப்பாங்க?
பழசயே டேப் சுத்திப் பாவிப்பாங்க.
அது பத்தினா ஆருட கணக்குல எழுதுவீங்க?"
அவர் பொய் சொல்லவில்லை.
அதைச் சிங்களத்தில் நான் சொல்லி முடித்தபோது
தலைவர் வேரகொட அம்மையார்
பேனாவை மூடிவைத்துவிட்டு
மறுபடி திறந்தார்.

ஒருவருக்கு மூன்று நிமிடம். பிறகு மணி.

ஜெசிந்தா ஷொப்பிங் பையிலிருந்து எடுத்து
மேசைமேல் வைத்தாள்.
உருகி இறுகிய வெள்ளைப் பிளாஸ்டிக்.
ஐந்து துளைகளில் மூன்று கண் மூடியிருந்தன.
மாதம் ஐந்தாகியும் மணம் போகவில்லை.
பக்கத்திலிருந்த சட்டத்தரணி
தன் கோப்பையைச் சற்றுத் தள்ளிவைத்தார்.

அதிகாரி ஒருவர் ஆங்கிலத்தில்
ஏழு தசம் மூன்றை வாசித்தார்.
நான் அவளுக்குத் தமிழில் சொன்னேன்:
நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய தவறான பாவனை.
இருபது வருடத் தொழில்,
சொல் தடங்காமல் வந்தது.

"எது தவறான பாவனை?"

ஒரே வயரில் பல சாதனம் கொளுவுவது.
கட்டிலுக்கு அடியால் இழுப்பது.
கதவிடுக்கில் நசியவிடுவது.

"தம்பி, ஜம்பட்டா வீதியில ஒரு அனெக்ஸ்.
அனெக்ஸ் எண்டா ஒரு அறை.
வீட்டுக்காரர் தந்தது ஒரேயொரு பிளக்,
அதுவும் கதவுக்குப் பின்னால.
சோத்துக் குக்கர், ஃபேன், அயன்,
மகன்ர வகுப்புப் போன்.
கட்டிலுக்கு அடியால இல்லாம
உங்கட தலைக்கு மேலாலயா கொண்டு போறது?
இது தவறான பாவனை இல்ல.
பாவனை."

மணி அடித்தது.

மகனுடைய வலது கையைப் பற்றி
அவள் தொடங்கவேயில்லை.
அது வாசலில், குடை விரிக்கும்போது
என்னிடம் சொன்னது.
வாசலில் சொல்வது பதிவாகாது.

மொழிபெயர்ப்பவனும் நீட்டிப்பு வயர்தான்.
எத்தனை அம்பியர் தாங்குவான் என்று
எங்கும் அச்சிட்டிருப்பதில்லை.

இரவு, வெள்ளவத்தையில்,
வரைவின் தமிழ்ப் பிரதியைத் தட்டச்சு செய்கிறேன்.
பக்கத்துக்கு இவ்வளவு என்று பேச்சு.
மடிகணினியின் வயர் கட்டிலுக்கு அடியால் வருகிறது;
தொட்டுப் பார்த்தேன், சூடு.
கழற்றவில்லை. ஒன்பது பக்கம் மிச்சம் இருக்கிறது.

ஏழு தசம் மூன்று வந்ததும்
எதிர்பார்க்கக்கூடிய பாவனை
என்று அடித்து, அடுத்த வரிக்குப் போனேன்.

ஒரு சொல் குறைகிறது.
மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.
ஆட்சேபம் உள்ளோர்
அறுபது நாட்களுக்குள்
எழுத்தில் தெரிவிக்கலாம்.