முந்தின செவ்வாய்

எக்ஸ்ரே அறைக்கும் மாடிப்படிக்கும் நடுவில்
ஓர் ஆள் ஒருக்களித்து நிற்கலாம்,
அவ்வளவுதான் சர்வர் ரூம்.
வெள்ளி இரவு ஒன்று ஐம்பது.
பாளையங்கோட்டை முழுக்க ஐப்பசி மழை.
பச்சை விளக்கெல்லாம் எரிகிறது,
வயர் எதுவும் அறவில்லை.
ஆனாலும் ஆஸ்பத்திரியின் எந்தக் கம்ப்யூட்டரும்
எவரையும் தெரியாது என்கிறது.

அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்.
யார் டாக்டர், யார் மருந்துக் கிடங்கு,
யாருக்கு எந்தக் கதவு
என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரே பெட்டி
போய்விட்டது.
ஐசியூவில் சிஸ்டர் ஜெபக்கனி
கையுறை அட்டையைக் கிழித்து அதன் பின்பக்கம்
சர்க்கரை அளவு எழுதுகிறாள்.

இரண்டு டிஸ்கில் ஒன்று ஆனியிலேயே செத்தது.
மெயில் வந்தது. பார்த்தேன்.
நாளைக்கு என்று வைத்தேன்.
காலையில் எம்.டி.யிடம் இதைச் சொல்ல வேண்டும்;
வாக்கியம் இன்னும் அமையவில்லை.

பேக்கப் இருந்தது, மருந்தகத்து பீரோவில்,
மாத்திரை அட்டைக்குப் போடும் ரப்பர் பேண்டோடு.
ஒவ்வோர் இரவும் 'வெற்றி' என்று
தானே எழுதி வைத்திருக்கிறது.
திறந்தேன். வியாழன், பூஜ்யம்.
புதன், பூஜ்யம்.
பின்னால் பின்னால் போய்
முந்தின செவ்வாயில்தான்
ஏதோ கனம் தட்டியது.

அதை ஏற்ற ஒரு கடவுச்சொல் கேட்கிறது.
எட்டு வருஷம் முன்பு வைத்தவர் சேர்மக்கனி அண்ணன்,
இப்போது அம்பையில் செல்போன் கடை.
மூன்று மணிக்குப் போன் எடுத்தவர்
"ஏம்மா, யாருக்கு என்ன?" என்றார்.
யாருக்கும் ஒன்றுமில்லை, யாருமே இல்லை என்றேன்.
"மறந்துட்டேனே... இரி,
லைட்டப் போட்டுக்கிடுதேன்."
ஏழு நிமிஷம் கழித்து அவரே கூப்பிட்டார்.
வீரவநல்லூர், அதோடு ஒட்டி அவரது முதல் சம்பளம்,
கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி.
"எவ்வளவுன்னு யாருட்டயும் சொல்லிராத, என்னா?"
சொல்லவில்லை.
ஆச்சரியக்குறி நியாயமானதுதான்.

முப்பத்து நாலு சதவீதத்தில்
நாற்பது நிமிஷம் நின்றது.
வாட்ச்மேன் வாங்கி வந்த டீயில்
மழையும் கொஞ்சம் இருந்தது.
பாபநாசம் முதல் பஸ் ஹாரன் அடித்துப் போனபோது
பெயர்கள் வரத் தொடங்கின,
ஆட்கள் வருகிற மாதிரி இல்லை,
புழுங்கல் அரிசி படியில் விழுகிற மாதிரி.

ஆறு மணிக்கு எல்லாரும் இருந்தார்கள்,
பதினோரு நாள் இளையவர்களாக.

"அன்னைக்கு என்ன பாஸ்வேர்டு வச்சிருந்தீங்களோ
அதைப் போடுங்க" என்று வார்டு வார்டாகச் சொன்னேன்.
ஜெபக்கனி கீபோர்டையே பார்த்தாள்.
"அதையா?"
அதைத்தான்.
"நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்க."
ஒவ்வோர் எழுத்தாய் விழும் சத்தம் கேட்டது,
ஒன்பது எழுத்து. பிறகு மூக்கை உறிஞ்சினாள்.
உடனே மாற்றிவிடலாம் என்றேன் சுவரைப் பார்த்து.
"மாத்தத்தான் போறேன்."

லேப் முப்பிடாதி வேலைக்குச் சேர்ந்தது போன திங்கள்.
கழுத்தில் அட்டையோடு வந்து நின்றாள்:
"அப்பம் நான் இல்லையாக்கும்?"
உட்கார வைத்துப் புதிதாகப் பெயர் போட்டேன்.
இந்தத் தடவை இனிஷியல் சரியாக விழுந்தது.

ஸ்டோர் பலவேசமும் வந்திருந்தான், பட்டியலில்.
போன சனிக்கிழமை வேலையைவிட்டு எடுத்த ஆள்,
சாவி எல்லாம் கையில், முழுசாக.
அன்றைக்கு ஒரு தாளில் உத்தரவு வந்தது,
சாப்பாட்டு டப்பாவை மூடுகிற கையோடு
அவனையும் மூடினேன்.
அழிந்த பெயருக்கு இந்த மென்பொருள்
கல்லறைக்கல் என்றுதான் சொல்கிறது;
நூற்றெண்பது நாள் வைத்திருக்கும்.

இன்று அந்தப் பக்கத்தைக் கீழே வரை படித்தேன்.
கடைசியாக உள்ளே வந்தது:
செவ்வாய், காலை ஆறு ஐம்பத்திரண்டு.
ஷிப்ட் எட்டு மணிக்கு.

அலுவலகத்துக்குப் போன் போட்டேன்,
மூடத்தானே வேண்டும் என்று கேட்க.
"அதுல என்ன சந்தேகம்?"
ஒன்றுமில்லை என்று மூடினேன்.

பிளாஸ்திரி ஒரு துண்டு கிழித்து
தேதி எழுதி டிஸ்கில் ஒட்டும்போது
இரண்டாம் மாடியிலிருந்து ஆள் வந்தது,
பிரிண்டர் ஓடவில்லையாம்.